ஐந்துக்கு ஐந்து

நான் போய்வந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாருக்காவது கோபம் வருமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. வளைகுடாவில் ஒரு சிறிய நாடு. அதை இக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்து நாடு அக்கரை. இரண்டுக்கும் நடுவே கடலில் ஒரு கோடு. வரைபடத்தில் மட்டும் தெரியும் கோடு.

என் தம்பி அருள், திருநெல்வேலிக் கடற்கரையில் எங்கள் ஊரான உவரியிலிருந்து அங்கே மீன்பிடிக்கப் போனவன். அக்கரை முதலாளி ஒருவரின் விசைப்படகை ஓட்டினான். கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று இக்கரைக் கடற்காவல் படை அவனையும் கூட இருந்த ஐந்து பேரையும் பிடித்துச் சிறையில் வைத்தது. ஆறு பேரும் உவரிக்காரர்கள். மாதங்கள் ஓடிவிட்டன. அவனைப் பார்த்து, முடிந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டுக்கு இராஜதந்திர வரலாறு என் தாள். உவரியில் பங்குச்சாமி, எங்கள் கோயில் பாதிரியார், கூட்டிய ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம். "நாட்டுக்கும் நாட்டுக்கும் எப்படிப் பேசணும்னு நீதான பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க? போயி அங்கனயும் பேசு" என்றார் ஒரு படகு முதலாளி. செத்துப்போன அரசர்கள் செத்துப்போன அரசர்களோடு பேசியதைத்தான் நான் நடத்துகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தாய்ப்பால் மறக்கவில்லை. என் கணவருக்கு கங்கைகொண்டானில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பிள்ளையை அத்தைதான், அவருடைய அம்மாதான், பார்த்துக்கொள்ள வேண்டும். "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்று அத்தை சொன்னார்கள். உண்மையாகச் சொன்னார்களா, கடமைக்குச் சொன்னார்களா என்று விமானத்தில் ஏறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற வாரத்தில் சகாயம் என்ற பெண் உவரியிலிருந்து பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். மடியில் பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தை. அவள் புருஷன் ஜெபா அருளின் படகில் இருந்தவன், ஆறு பேரில் இளையவன். குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை. அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்கக்கா, கனம் எவ்வளவுன்னு அவுகள்ட்ட சொல்லணும்" என்றாள். தூக்கிப் பார்த்தேன். கைக்குழந்தையின் கனத்தை எப்படிச் சொல்வது? ஒரு பெரிய சீலா மீன் அளவு இருக்கும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் போய் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் என் முதல் தவறு தெரிந்தது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. தூதரகமும் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு ஞாயிறு விடுமுறை என்ற கணக்கில் நாள் பார்த்திருந்தேன். படித்தவள்.

டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். நான் இந்தியா என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "இங்கே நாம் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஊரில்தான் சண்டை." வழியில் ஒரு வட்டச் சந்திப்பில் கான்கிரீட்டில் பெரிய சிப்பி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். எண்ணெய் வருவதற்கு முன் இந்த ஊர் முத்துக் குளித்துப் பிழைத்த ஊர். அந்தக் காலத்தில் இந்த முத்துப் பார்களில், கடலடிப் பாறைத் திட்டுகளில், எந்தக் கரைக்காரனும் முங்கலாம். இங்கிருந்து முங்குகிறவர்கள் தூத்துக்குடிக் குளிப்புக்கும் வந்திருக்கிறார்கள். அடியில் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே கோடு தேவைப்பட்டது. இதை நான் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சிப்பியைச் சுற்றி டாக்சி இரண்டு முறை வந்தது. ஓட்டுநருக்கு வழி மறந்துவிட்டது.

தங்க இடம் கொடுத்தவர் மேலப்பாளையம் சாகுல் அண்ணன். பழைய சந்தைக்குப் பக்கத்தில் சாயாக் கடை. மேல்மாடியில் அவர் மனைவி, மகள்களோடு ஒரு அறையில் எனக்கும் ஒரு பாய். குபூஸ் ரொட்டியும் பருப்பும் வைத்து, "நம்மூரு தண்ணி இல்லம்மா, சாயா அப்படித்தான் இருக்கும். கொற சொல்லாமக் குடிங்க" என்றார். கடல் தண்ணீரைக் காய்ச்சி இறக்கிய தண்ணீர். டின் பாலில் அது தடித்து, இனித்து, எதன் ருசியும் இல்லாமல் இருந்தது. தாமிரபரணித் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தேன். ஒரே நாளில் இரண்டையும் குடித்தால் நாக்கு ஏமாறாது.

வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனேன். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையே வெள்ளிக்கிழமைதான். பக்கத்துக் கூடத்தில் பிலிப்பைன்காரர்கள், அடுத்ததில் மலையாளிகள். எல்லாப் பாட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பூசை நடுவில் எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. கழிப்பறைக்குப் போய்ப் பிழிந்து கைகழுவும் தொட்டியில் விட்டேன். வெள்ளையாக ஓடி மறைந்தது. மதியம் வீடியோவில் கூப்பிட்டால், மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தையின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா, மறதியா என்று தெரியவில்லை. கோபமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாகுல் அண்ணன் மீன் சந்தைக்கு அழைத்துப் போனார். வெட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள், கூவுகிறவர்கள் முக்கால்வாசி நம் ஆட்கள். ஒருவர் கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். நான் யார், எதற்கு வந்தேன் என்று சாகுல் அண்ணன் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். கடற்கரையில் எந்தச் செய்தியும் தூதரகத்துக்கு முன்னால் வந்துவிடும்.

அவர் சொன்னது இது. அக்கரைச் சிறையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இக்கரை முதலாளிகளின் படகில் போய்க் கோட்டைத் தாண்டியவர்கள். ஐந்து பேர். ஐந்து பேரும் குமரிக் கடற்கரைக்காரர்கள், அதில் ஒருவன் இவருடைய மச்சான். இரண்டு நாட்டுக்காரர்களும் இப்போது ராசியாகப் போகிறார்கள். மந்திரி ஒருவர் அக்கரைக்குப் போகிறார். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஆட்களை விடுவதாகப் பேச்சு.

"ஒங்க ஆள விட்டாத்தான் எங்க ஆளு வருவான் அக்கா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. அருளைப் பிடித்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். இக்கரையில் ஆறு தமிழன், அக்கரையில் ஐந்து தமிழன். இரண்டு அரபு நாடுகள் தங்கள் ஆட்களை ஒருவருக்கொருவர் திருப்பித் தரப்போகின்றன. பேரம் பேசாமல் அரை சீலாவை வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு சாகுல் அண்ணன் வீட்டில் மேலப்பாளையத்து மீன் ஆணம், அவர்கள் வைக்கும் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறோமே என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தூதரகம். காத்திருக்கும் கூடத்தில் சம்பளம் வராதவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், நெற்றியில் கட்டுப்போட்ட ஒரு வீட்டுவேலைக்காரப் பெண். உட்கார்ந்திருந்தபோது எங்கள் கடற்கரையிலிருந்து போன முதல் தூது ஞாபகம் வந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் முன்னோர் சிலர் கொச்சிக்குப் போய், எதிரிகளிடமிருந்து காப்பாற்றச் சொல்லிப் போர்த்துக்கீசியரைக் கேட்டார்கள். காவல் வந்தது. ஞானஸ்நானமும் வந்தது. முத்தின் மீது அவர்கள் கையும் வந்தது. மாணவர்கள் அதை வெற்றி என்று எழுதினாலும் தோல்வி என்று எழுதினாலும் மதிப்பெண் போடுவேன். நியாயம் சொன்னால் போதும். போனவர்கள் அந்த வாசலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தொழிலாளர் விவகாரம் பார்க்கும் அதிகாரி என்னைவிட இரண்டொரு வயது மூத்த பெண். வடக்கே ஏதோ ஊர். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சந்தையில் கேட்டது உண்மைதான் என்றார். ஒரே ஒரு சிக்கல்.

"அவர்கள் ஐந்து பேரைத் தருகிறார்கள். இவர்களும் ஐந்து பேரைத்தான் தருவார்கள்."

ஆறு பேரையும் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். ஆறைக் கொடுத்து ஐந்தை வாங்கினால் இக்கரை பணிந்துபோனதாக ஆகும். என் பாடத்தில் சரிக்குச் சரி என்று ஒரு தலைப்பே இருக்கிறது. நீ என் தூதரை அனுப்பினால் நான் உன் தூதரை அனுப்புவேன், நீ எத்தனை கைதியோ நான் அத்தனை கைதி. கரும்பலகையில் இரண்டு பக்கமும் கோடு கோடாகப் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். நன்றாக நடத்துகிறேன் என்று எனக்கே ஒரு திருப்தி உண்டு.

"நம் அரசு கேட்டால்?"

"கேட்டோம். இங்கே நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வேலை செய்கிறார்கள். எண்ணெய் இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் கேட்க முடியாது. நீங்கள் வெளியுறவுப் பாடம் நடத்துகிறவர் என்றீர்களே."

நாட்டின் நலன். அதையும் நான்தான் நடத்துகிறேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவரைத் திட்டக்கூட முடியவில்லையே என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மீதி ஒருவர் எப்போது வருவார் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

"அக்கரையில் இன்னொருவர் பிடிபடும்போது. அப்போது ஒன்றுக்கு ஒன்று."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். எந்த ஐந்து என்று தூதரகம் பரிந்துரைக்கலாம். படகை ஓட்டியவன் என்பதால் என் தம்பி பெயர் இப்போதைக்கு அதில் இல்லை. உடம்பு சரியில்லாதவர்களுக்கு முதலிடம். என் தம்பிக்கு மூச்சுத்திணறல் உண்டு என்று ஊரிலிருந்து மனு வந்திருக்கிறது. புதன்கிழமை விடுகிறார்கள்; மருத்துவச் சான்று இருந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுங்கள், அவர் பெயர் ஐந்தில் வந்துவிடும். சான்று என் பையிலேயே இருந்தது, பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்தது. உடனே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் பட்டியலை விட்டுப் போகிறது யார் பெயர் என்று கேட்டேன்.

"நோய் எதுவும் இல்லாத இளையவர். ஜெபா என்று ஒருவர்."

நாளைக்குத் தம்பியைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எழுந்துவந்தேன்.

திங்கட்கிழமை சிறை. ஊருக்கு வெளியே, சமதரை. அங்கே எல்லாமே சமதரைதான். அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லாத நாடு. தவறான பஸ்ஸில் ஏறி ஒரு ஒட்டகச் சந்தையில் போய் இறங்கினேன். அங்கிருந்து தண்ணீர் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு வந்து விட்டது. அம்மா கொடுத்துவிட்ட சில்லுக்கருப்பட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காவலர் ஒரு சில்லை எடுத்து முகர்ந்து, இது என்ன மருந்து என்று கேட்டதாக மலையாளி எழுத்தர் மொழிபெயர்த்தார். பனையில் வருகிற வெல்லம் என்றேன். எங்கள் பேரீச்சையில் வராதா என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருள். மெலிந்திருந்தான். தாடி. காதில் போன் ரிசீவரை வைத்ததும் கேட்டது, "யக்கா, பிள்ளைய யாருட்ட உட்டுட்டு வந்த?"

முதலில் அவன் பேச விரும்பியது விடுதலையைப் பற்றி அல்ல. தன்மேல் தவறில்லை என்று சொல்ல வேண்டும் அவனுக்கு. எங்கள் கடலில் இடம் பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது. கரையில் உள்ள இரண்டு பொருளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. அதற்குக் கணியம் என்று பேர். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் மகேந்திரகிரி மலை வந்தால் இன்ன பாரின் மேல் நிற்கிறோம் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது. அவன் ஓட்டிய படகில் இடம் காட்டும் கருவி இருந்தது. உப்பேறித் திரை இருண்டுவிட்டது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றான் முதலாளி. மற்றவர்களாக இருந்தால் கரைக்குத் திரும்பியிருப்பார்கள். இவன் கணியம் பார்த்தான். மலை இல்லை, கோயில் இல்லை. எண்ணெய் ஆலையில் எரிகிற தீ ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்கு. இரண்டையும் நேர்கோட்டில் பிடித்துக்கொண்டான்.

"நான் தப்பாப் புடிக்கலக்கா. அந்தத் தீய அன்னைக்கு அணைச்சிட்டான். தள்ளி வேற ஒண்ணக் கொளுத்திட்டான். நம்ம மல எங்கயாவது எடம் மாறுமா, சொல்லு. இங்கன தீய மாத்துதான்."

மாறாது என்றேன். இதைச் சொல்ல மாதக்கணக்காக ஒரு உவரி ஆள் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கிற ஐந்து பேரும் இதை நம்புகிறார்கள், ஆனால் அவர்கள் அவனால் உள்ளே வந்தவர்கள்.

பிறகு ஐந்துக்கு ஐந்தைச் சொன்னேன். சான்றைச் சொன்னேன். காவலர் நேரம் ஆகிறது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"அத வெளிய எடுக்காதக்கா" என்றான்.

அம்மாவைச் சொன்னேன். அவன் மூச்சைச் சொன்னேன். ஜெபாவுக்கு வயது இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, அவனால் தாங்க முடியும் என்று சொன்னேன். சொல்லும்போது என் இரண்டு கையிலும் சகாயத்தின் குழந்தையின் கனம் இருந்தது. பால் சுரந்து சட்டை நனைந்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சுக்கான் புடிச்சவன் கடசியிலதான எறங்கணும்? அப்பா அப்படித்தான எறங்குவாவ. நான் முன்னால குதிச்சி ஓடி வந்தா அம்மயே வாசல்ல ஏத்தமாட்டா."

அது எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத வழக்கம். படகு கரையேறினால் மற்றவர்கள் இறங்கிய பிறகே ஓட்டுகிறவர் இறங்குவார். சின்ன வயதில் அம்மாவோடு கரையில் நிற்கும்போது, முதலில் இறங்குகிறவர்களை அம்மா பதறாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாரும் இறங்கிய பிறகுதான் என் கையை விடுவாள்.

"அம்மட்ட போன்ல சொல்லிராத. அவ ஒடஞ்சிருவா. நீ போயி, பக்கத்துல இருந்து, பைய சொல்லு. மத்த அஞ்சு பேர்ட்டயும் சொல்லியிருக்கேன், யாரும் வாயத் தொறக்கமாட்டாங்க" என்றான். அப்படியென்றால் எனக்கு முன்னாலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடற்கரைச் செய்தி சிறைக்குள்ளும் வந்துவிடுகிறது.

கடைசியாக, "ஜெபா மவன் எப்டி இருக்கான்?" என்று கேட்டான். சீலாவின் கணக்கைச் சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தான். "அப்ப நல்ல பாடுதான்" என்றான், வலை நிறைய மீன் கண்டவனைப் போல.

செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊரில் அந்தோணியாருக்கு உரிய நாள். தூதரகத்தில் அதே நாற்காலி. அதிகாரி, சான்று கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். பை என் மடியில் இருந்தது. ஜிப்பின் மேல் கை இருந்தது. அவன் வேண்டாம் என்றால் நான் கேட்க வேண்டுமா? அவனுக்கு மூச்சு முட்டினால் அங்கே யார் பார்ப்பார்கள்? அம்மா என்னை அனுப்பியது அவன் சொன்னதைக் கேட்கவா, அவனைக் கூட்டிக்கொண்டு வரவா? ஜெபாவை உள்ளே வைத்துவிட்டு இவனை நான் கூட்டிப் போனால், இவன் அதன்பின் கடலில் இறங்குவானா? இவ்வளவும் அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில்.

"இல்லை" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். சரியாகச் செய்தேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

புதன்கிழமை காலை கிளம்பும்போது சாகுல் அண்ணன் அழுதார். "ஒங்க தம்பிக்கு ஹயாத்து நீளமா இருக்கட்டும்மா, துஆ செய்யுதோம். வெள்ளிக்கு வெள்ளி நான் போயிப் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் மகளின் கையில் கருப்பட்டியில் பாதியைக் கொடுத்தேன்.

அன்று காலை விடுவித்த ஐந்து பேரையும் சிறையிலிருந்து நேராகக் கொண்டுவந்து அதே விமானத்தில் ஏற்றினார்கள், எனக்கு முன்வரிசைகளில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிக் கருப்பட்டியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஜெபா வாங்கி வாயில் போடாமல், லேஞ்சியில், அதாவது கைக்குட்டையில், முடிந்து வைத்துக்கொண்டான். "அண்ணன் வந்ததும் குடுத்துருதேன்" என்றான். அது கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இப்போது கல்லூரி திறந்துவிட்டது. சரிக்குச் சரி நடத்துகிற வாரம் வந்தபோது கரும்பலகையில் ஒரு பக்கம் ஐந்து கோடும் மறுபக்கம் ஆறு கோடும் போட்டேன். பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒரு கோடு கூடிப்போச்சு" என்றாள். ஆமாம் என்றேன். அதை அழிக்காமலேயே மணி அடித்துவிட்டது. பழைய உடன்படிக்கைகள் இன்றைக்கு என்ன கற்றுத்தரும் என்று தேர்வில் ஒரு கேள்வி வழக்கமாக வைப்பேன். இந்த ஆண்டு வைக்கவில்லை. எனக்கே விடை தெரியாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது? கையெழுத்துப் போட்டவர்கள் நல்ல மனிதர்களாக, கணக்குச் சரியாகப் போட்டவர்களாக இருந்தும், அந்தக் கணக்குக்கு வெளியே ஒருவர் எப்போதும் நின்றிருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. முன்பும் தெரிந்திருக்கலாம். எந்தப் பாடத்திலும் அவருடைய பெயரை நான் தேடிப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மகளுக்குப் பால் மறந்துவிட்டது. அவள் தூங்கி எழுவதற்கு முன் தினமும் கைபேசியில் வளைகுடாச் செய்தி பார்க்கிறேன். அக்கரைக் கடற்காவல் படை யாரையாவது பிடித்திருக்கிறதா என்று. ஒரு ஆள் போதும். அவன் உவரிக்காரனாக இருக்கலாம், குமரிக்காரனாக இருக்கலாம். அந்த மீன் சந்தைக்காரரின் மச்சானாகவே இருக்கலாம், திரும்பவும் அங்கேதான் வேலைக்குப் போயிருப்பான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். தெரிந்தும் தேடுகிறேன். இல்லை என்று தெரிந்தால் ஏமாற்றமாக இருக்கிறது. அந்த ஏமாற்றத்தோடு போய் ஜெபமாலையை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது.

ஊர் திரும்பிய அன்று நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து பங்குச்சாமி அமர்த்திய வேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான், பின்னால் ஐந்து பேர். அம்மாவிடம் போனில் "வாறோம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. அஞ்சுகிராமம் தாண்டியதும் மகேந்திரகிரி தெரிந்தது. ஐந்து பேரும் ஒரே பக்கமாகத் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஊருக்கு முன்னால் இறங்கி, நடந்துபோய், அம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். ஊர் எல்லையிலேயே கூட்டம் வேனைச் சுற்றிக்கொண்டது. மணி அடித்தது. யாரோ வெடி போட்டார்கள்.

நான்தான் முதலில் இறங்கினேன். அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள், புதுச்சேலை கட்டி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. ஜெபா இறங்கினான். சகாயம் குழந்தையை அவன் கையில் வைத்தாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். அடுத்தவர் இறங்கினார். அதற்கடுத்தவர். ஒவ்வொருவர் கன்னத்தையும் அம்மா தொட்டு முத்தமிட்டாள். முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. பதற்றம் கொஞ்சமும் இல்லை. ஐந்தாவது ஆளும் இறங்கிய பிறகு என் கையை விட்டாள்.

ஓட்டுநர் வந்து வேன் கதவை இழுத்தார். அம்மா கதவில் கை வைத்து நிறுத்தினாள்.

"செத்தப் பொறுய்யா" என்றாள். "எம் புள்ள இனிமத்தான் எறங்குவான்."